எழுதித் தருக, தமிழில் எழுதித் தருக!

தமிழகத்துச் சிற்றூர்களில் அழுகின்ற குழந்தைக்கு அச்சங்காட்டப் பூச்சாண்டிக்கு அடுத்தபடியாக அழைக்கப்பெறுபவர் காவலரே. அக்குழந்தை வளர்ந்து, வாக்குரிமை பெற்று, வரி செலுத்தி, அவ்வரியினின்றே காவலர்க்கு ஊதியம் அளிக்கின்ற குடிமகனாகிய பின்னும் அவ்வச்சம் அகல்வதில்லை. காவல் நிலைய வாயிலில் தோள்துண்டு இடுப்புக்கு இறங்குகின்றது. செருப்பு காலினின்று கழல்கின்றது. நிமிர்ந்த முதுகு வளைகின்றது. தாம் இழந்த பொருளைப் பற்றி முறையிடச் சென்றவரே குற்றஞ்செய்தவர்போற் கைகட்டி நிற்கின்றார். அச்சட்டை அணிந்தவர் எது சொல்கின்றாரோ அதுவே சட்டம் என்று தமிழன் கருதுகின்றான். சட்டம் வேறு, சட்டை வேறு என்பதை அவனுக்கு எவரும் கற்பிக்கவில்லை.

இவ்வச்சத்திற்கு வரலாறு உண்டு. சென்னை மாகாணத்தில் நடைபெற்ற கொடுமைகளை ஆராய ஆங்கில ஆட்சியே அமர்த்திய குழு, 1855-ஆம் ஆண்டில் தன் அறிக்கையை அளித்தது. நிலவரி தண்டுவதற்கும், குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்வதற்கும் வருவாய்த்துறை ஊழியரும் காவல் ஊழியரும் குடிமக்களை வதைத்து வந்தனர் என்பதை அவ்வறிக்கை உலகறிய வெளிப்படுத்தியது. விரல்களை மரக்கட்டைகளுக்கிடையே வைத்து நெரிக்கும் கிட்டியும், தலையைக் காலோடு பிணைத்துக் குனிந்தவாறே வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாளும் அவ்வறிக்கையில் இடம்பெற்றன. அதன் பின்னரே, 1859-இல் சென்னை மாகாணக் காவல்துறை தனிச்சட்டத்தால் திருத்தியமைக்கப்பட்டது. 1861-இன் குற்ற நடைமுறைச் சட்டம், காவலரிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாகக் கொள்ளலாகாது என்று விதித்தது. அவ்விதியே 1872-இன் சான்றுச் சட்டத்தில் 25-ஆம் பிரிவாயிற்று. இன்று 2023-இன் புதிய சான்றுச் சட்டத்தில் 23-ஆம் பிரிவாக நிற்கின்றது.

இதன் பொருளைத் தமிழர் ஊன்றி நோக்குதல் வேண்டும். இவ்விதி வெள்ளையன் அருள்கூர்ந்து ஈந்த கொடையன்று. தான் அமர்த்திய காவலரின் தடி எத்தகைய ‘உண்மை’யையும் வரவழைக்கும் என்பதை அவனே கண்டு நாணி எழுதிய எழுத்தாகும். தமிழ் உழவனின் நெரிந்த விரல்களே அவ்விதிக்கு மையூற்றின. தன் முன்னோர் நோவால் விளைந்த உரிமையைத்தான் தமிழன் இன்று ‘எதற்கு வம்பு?’ என்று கைவிட்டு நிற்கின்றான்!

கிட்டி மறைந்தது, ‘விசாரணை’ மறையவில்லை. 2020-ஆம் ஆண்டு சூன் திங்களில், ஊரடங்குக் காலத்தில் கடையை மூடும் பொழுதைப் பற்றி எழுந்த சிறு பூசலில் சாத்தான்குளம் காவல் நிலையத்திற்குக் கொண்டு செல்லப்பட்ட தந்தையும் மகனும் சில நாள்களுக்குள் அடுத்தடுத்து மாண்டனர். 2025-ஆம் ஆண்டு சூன் திங்களில், திருப்புவனத்தை அடுத்த மடப்புரத்தில் நகை காணாமற்போயிற்று என்னும் முறையீட்டின்மேல் வினவுவதற்கென்று கொண்டு செல்லப்பட்ட கோயிற் காவலாளர், காவலர் பிடியில் இருந்தபோதே உயிர் துறந்தார். காவலர் ஐவர் தளைப்படுத்தப்பட்டனர். வழக்கு நடுவண் புலனாய்வுத் துறைக்குச் சென்றது. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே ஐந்தாண்டுகள். இவ்வைந்தாண்டுகளில் சட்டநூல்களின் பெயர்கள் மாறின. காவல் நிலையத்தின் கதவுக்குப் பின்னுள்ள இருள் மாறவில்லை.

அவ்விருள் எங்கே பிறக்கின்றது? ‘விசாரணை’ என்னும் சொல்லுக்கும் ‘கைது’ என்னும் சொல்லுக்கும் இடையிலுள்ள வெற்றிடத்திற் பிறக்கின்றது. தளைப்படுத்தப்பட்டவரை வழிச்செலவுப் பொழுது நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் நடுவர்முன் நிறுத்துதல் வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 22-ஆம் கூறு கட்டளையிடுகின்றது. கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டால் காவலர்க்கு இடர். எனவே கடிகாரத்தையே ஓடவிடாமற் செய்கின்றனர். ‘கைது செய்யவில்லை, சும்மா விசாரிக்கத்தான் கூட்டிப்போகிறோம்’ என்பர். ஏட்டில் எழுத்தில்லை, எழுத்தில்லாமையால் பொழுதில்லை, பொழுதில்லாமையால் பொறுப்பில்லை. எழுதப்படாத அந்தப் பொழுதிலேயே எலும்பு முறிகின்றது, உயிர் போகின்றது. ஆகவே தமிழன் கேட்கவேண்டிய முதற்கேள்வியும் முடிவான கேள்வியும் ஒன்றே: ‘எழுத்தில் எங்கே?’

சட்டம் எழுத்தையே எங்கும் வேண்டி நிற்கின்றது என்பதைப் பின்வருவனவற்றாற் காண்க. இவை 2024 சூலை முதல் நாளிலிருந்து செயற்பாட்டில் உள்ள குற்ற நடைமுறைச் சட்டத்தின் விதிகள்.

ஒன்று: ஒரு வழக்கைப் பற்றி அறிந்தவர் என்று கருதி ஒருவரை அழைக்கவேண்டின், எழுத்துவழி ஆணையால் அழைத்தல் வேண்டும் (பிரிவு 179). பெண்டிரையும், 15 அகவைக்குட்பட்ட அல்லது 60 அகவை கடந்த ஆடவரையும், ஊனமுற்றோரையும், கடும்நோயுற்றோரையும் அவர்தம் இருப்பிடம் விட்டு வேறிடத்திற்கு வருமாறு கட்டாயப்படுத்தலாகாது.

இரண்டு: குற்றஞ்சாட்டப்பட்டவரைத் தளைப்படுத்தத் தேவையில்லாவிடின், முன்னிலையாகுமாறு அறிவிக்கை தருதல் வேண்டும் (பிரிவு 35). அதற்கிணங்கி அவர் வந்துகொண்டிருக்கும்வரை, எழுத்தில் பதிந்த கரணியமின்றி அவரைத் தளைப்படுத்தலாகாது. ஏழாண்டு வரையிலான சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களில், தளைப்படுத்துதல் வழக்கமான முதல் வேலையாகிவிடலாகாது என உச்ச முறைமன்றம் 2014-இல் அறிவுறுத்தியது.

மூன்று: தளைப்படுத்தும் காவலர் தம் பெயர் தெளிவாகத் தெரியும் அடையாளத்தை அணிந்திருத்தல் வேண்டும். தளைப்படுத்தியமைக்குக் குறிப்பாவணம் எழுதி, குடும்பத்தார் ஒருவரோ அவ்வூரின் மதிப்புடையார் ஒருவரோ சான்றாகக் கையொப்பமிட, தளைப்பட்டவரின் கையொப்பமும் பெறுதல் வேண்டும் (பிரிவு 36). உறவினர்க்கோ நண்பர்க்கோ செய்தி சொல்லுதல் வேண்டும் (பிரிவு 48). வினவலின்போது தாம் விரும்பும் வழக்கறிஞரைக் காணும் உரிமையும் உண்டு (பிரிவு 38). மேற்கு வங்கத்துப் பாசு வழக்கில் 1996-இல் உச்ச முறைமன்றம் வகுத்த பதினொரு நெறிகளின் உட்கருத்து இதுவே.

நான்கு: கதிரவன் மறைந்த பின்னும், எழுமுன்னும் பெண்ணைத் தளைப்படுத்தலாகாது, தவிர்க்கவியலாத நிலையாயின், பெண் காவல் அலுவலரே எழுத்துவழி அறிக்கை அளித்து நடுவரின் இசைவை முன்னரே பெற்றுச் செய்தல் வேண்டும் (பிரிவு 43).

ஐந்து: தளைப்பட்டவரை மருத்துவர் ஆய்ந்து, காயமிருப்பின் அதனையும் அது நேர்ந்த பொழுதையும் குறித்தல் வேண்டும், அக்குறிப்பின் படி தளைப்பட்டவர்க்கும் உரியது (பிரிவு 53). நடுவர் முன் நிற்கும் நொடியிலும் ‘அடித்தார்கள்’ என்று வாய்திறந்து உரைத்தல் வேண்டும். அங்கே மௌனமாய் நின்றவரின் காயம் பின்னர் வாய்திறப்பது அரிது.

ஆறு: காவலரிடம் கூறும் வாக்குமூலத்தை அவர் எழுதிக்கொண்டால், சொன்னவர் அதிற் கையொப்பமிடத் தேவையில்லை, இடுமாறு கேட்பதே சட்டத்திற்கு மாறு (பிரிவு 181). வெற்றுத்தாளிற் கையொப்பமிடல் தன் கழுத்துக்குத் தானே கயிறு திரித்தலாகும். தனக்கெதிராகத் தானே சான்று பகருமாறு எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்பது அரசியல் சட்டத்தின் 20-ஆம் கூறு.

முறையிடச் செல்பவர்க்கும் இவ்வெழுத்துரிமை உண்டு. பிடியாணையின்றித் தளைப்படுத்தற்குரிய குற்றமாயின், வாய்ச்சொல்லாக உரைத்தாலும் அதனை எழுதி, படித்துக்காட்டி, முதல் தகவல் அறிக்கையின் படியை விலையின்றித் தருதல் வேண்டும் (பிரிவு 173). மறுப்பாராயின் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்க்கு எழுதுக. அவரும் வாளாவிருப்பின் நடுவரை நாடுக. வழக்கறிஞர்க்குப் பணமில்லையெனின், காவலில் உள்ள எவரும் 1987-இன் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி விலையில்லா உதவிக்கு உரியவர். அதற்குரிய தொலைபேசி எண் 15100.

இத்துணை எழுத்துகளும் இருந்து என்ன பயன், அவ்வெழுத்து எம்மொழியில் உள்ளது என்னும் கேள்வி எழாவிடின்? இங்கேதான் தமிழன் இருமுறை ஏமாற்றப்படுகின்றான்.

1860-இலும் 1872-இலும் 1973-இலும் இயற்றப்பட்ட சட்டங்கள் ஆங்கிலப் பெயர் தாங்கி நின்றன. அவற்றை அகற்றி அடிமைச் சின்னத்தை ஒழித்துவிட்டதாகப் புதுதில்லி முழங்கியது. அகற்றியவிடத்தில் நாட்டியது எதனை? ‘பாரதிய நியாய சன்கிதா’, ‘பாரதிய நாகரிக் சுரக்சா சன்கிதா’, ‘பாரதிய சாக்சிய அதிநியம்’! ஒன்றியச் சட்டங்களின் அதிகாரமுறையான மூலம் ஆங்கிலத்தில் இருத்தல் வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 348-ஆம் கூறு கூறிக்கொண்டிருக்க, உடல் ஆங்கிலமும் தலை வடமொழியுமாக மூன்று சட்டங்கள் 2023-இல் பிறந்தன. தன்னைத் தளைப்படுத்தும் சட்டத்தின் பெயரைத் தன் வாயால் ஒலிக்கவும் இயலாத தமிழன், அதனுள் உள்ள உரிமையை எங்ஙனம் கேட்பான்? விலங்கு மாறியது, பூட்டின் மொழி மாறியது, சாவி மட்டும் இன்னும் அவன் கையில் இல்லை.

தில்லியை மட்டும் பழித்து அமைதலும் முறையன்று. தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் இங்கு 1956-இல் நிறைவேறியது. கீழமை மன்றங்களின் மொழி தமிழே என 1976-இல் அது திருத்தப்பட்டது. ஆட்சிகள் மாறின, கொடிகள் மாறின, மாநாடுகள் நடந்தன. ஆயினும், தன் பிள்ளையை எதற்காகச் சிறைக்கு அனுப்புகின்றனர் என்று தாய் கேட்டால், அவள் கையில் ஆங்கிலத் தாள் திணிக்கப்படுவது இன்னும் முற்றாக ஒழிந்ததா? மேடையில் தமிழ் வாழ்க! காவல் நிலைய ஏட்டில் ஆங்கிலம் வாழ்க! இவ்விரட்டை நாக்கை எத்துணைக் காலம் பொறுப்பது?

இனிப் பொறுக்க வேண்டுவதில்லை. சட்டமே தமிழனுக்குத் துணை நிற்கின்றது. ஆங்கிலமறியாத ஒருவரைத் தடுப்புக்காவலில் வைத்து, அதற்கான கரணியங்களை ஆங்கிலத்தில் தந்த வழக்கில், அவர் அறிந்த மொழியில் தராமை குற்றம் என்று உச்ச முறைமன்றம் 1962-இலேயே அவரை விடுவித்தது. 2025 நவம்பர் 6-ஆம் நாள் மும்பை வழக்கொன்றில் அம்மன்றம் இன்னும் தெளிவாக உரைத்தது: எச்சட்டத்தின்கீழ் எக்குற்றத்திற்காயினும், தளைப்படுத்துவதற்கான கரணியங்களை அவருக்கு விளங்கும் மொழியில் எழுத்தால் அறிவித்தல் வேண்டும், அந்நொடியில் இயலாவிடின் வாய்ச்சொல்லால் உரைத்து, நடுவர்முன் நிறுத்துவதற்கு இரண்டு மணி நேரத்திற்கு முன்னரேனும் எழுத்தைத் தருதல் வேண்டும், தவறினால் தளைப்படுத்தியதும் காவலில் வைத்ததும் சட்டத்திற்கு மாறானவையாகும். இனி ‘தமிழில் எழுதித் தருக’ என்பது மொழிவெறியன்று, கெஞ்சலுமன்று. அது சட்டத்தின் கட்டளை. தாய்மொழி உயிர்மொழி என்று இதுகாறும் பாட்டிற் சொல்லப்பட்டது. இன்று காவல் நிலையத்தில் அது மெய்யாகவே உயிர் காக்கும் மொழியாயிற்று.

‘குற்றவாளிக்கு உரிமை எதற்கு?’ என்று வினவுவார் உளர். முறைமன்றம் தீர்ப்புரைக்குமுன் எவரையும் குற்றவாளி என்றல் தகாது. குற்றமற்றவனை அடித்து ஒப்புக்கொள்ளச் செய்தால், மெய்யான திருடன் ஊரில் நிமிர்ந்து நடப்பான். அடி, குற்றத்தை ஒழிப்பதில்லை. வழக்கை மட்டுமே முடிக்கின்றது.

‘காவலரும் தமிழரல்லரோ?’ என்பார் உளர். ஆம், அதனாலேயே இக்கேள்வி கூர்மை பெறுகின்றது. மேலலுவலரின் ஏவலுக்கு இரவுபகலாக உழலும் கடைநிலைக் காவலரும் இவ்வினத்தின் மக்களே. சாத்தான்குளத்தில் நடந்ததை நடுவர்முன் எடுத்துரைத்தவர் அந்நிலையத்துப் பெண் தலைமைக் காவலரே அன்றோ! சட்டப்படி நடக்கும் காவலர்க்கு உரிமையறிந்த குடிமகனால் இடரில்லை. சட்டத்தை மீறுமாறு ஏவுவார்க்கே இடர்.

‘உரிமை பேசினால் அடி கூடுமே’ என்பார் கூற்றிலும் உண்மை உண்டு. ஆதலின் ஒருவர் தனித்துப் பேசாமை வேண்டும். ஒருவரை அழைத்துச் செல்லும்போது தெருவார் கதவடைத்துக் கொள்ளற்க, உடன் செல்க, காவலரின் பெயரையும், ஊர்தி எண்ணையும், பொழுதையும் குறித்துக்கொள்க, எந்த நிலையத்திற்கு என்று வினவுக. ஓடுதலும், கைகலத்தலும், வசைபாடுதலும் வேண்டா. பணிசெய்யவிடாது தடுத்தார் என்னும் புதிய வழக்கிற்கு அவை வாயிலாகும். தாழ்ந்த குரலில், நிமிர்ந்த தலையுடன், ‘எழுத்தில் தருக’ என்பதே போதும். காவல் நிலையங்களில் படமும் ஒலியும் பதியும் கருவிகளைப் பொருத்துமாறு 2020-இல் உச்ச முறைமன்றம் ஆணையிட்டுள்ளது. அப்பதிவைக் காக்குமாறு உடனே எழுத்தால் முறையிடுக.

இவற்றை விடுத்துத் தமிழன் செய்வது யாது? கட்சிக்காரரின் பரிந்துரையைத் தேடி ஓடுகின்றான், கைக்கூலி கொடுக்கின்றான், பிள்ளையை மீட்டபின் ‘பெரிய மனம் பண்ணி விட்டுவிட்டார்கள்’ என்று நன்றி கூறுகின்றான். உரிமையைப் பிச்சையாக வாங்கும் இனம் அவ்வுரிமையை நிலையாக இழக்கும்.

தமிழ்நாட்டரசு செய்யவேண்டுவது பெரிதன்று. தளைப்படுத்தும் குறிப்பாவணம், கரணிய அறிவிக்கை, மருத்துவக் குறிப்பு ஆகிய யாவும் நல்ல தமிழில் அச்சாகி எல்லா நிலையங்களிலும் இருக்கட்டும். மேற்சொன்ன உரிமைகள் நிலைய வாயிலில் பெரிய எழுத்தில் தமிழில் விளங்கட்டும். பள்ளிப் பாடத்தில் அவை இடம்பெறட்டும். அரசு செய்யுங்காறும் தமிழர் காத்திரார்; படிப்பகந்தோறும், தெருமுனைதோறும், பெண்கள் கூடுமிடந்தோறும் இவற்றைப் படித்துக் காட்டுவார்.

எழுத்தில்லாத் தளை சட்டமன்று, கடத்தல். விளங்காத மொழியில் எழுதிய எழுத்தும் எழுத்தன்று, கீறல். தமிழ் மண்ணில் தமிழனைத் தளைப்படுத்துவோர் ஏன் என்பதைத் தமிழில் எழுதித் தரட்டும். தரவியலாவிடின் அவன் கையை விடட்டும்!