மகிழுந்தின் இறக்கை: பயனா, பகட்டா?



என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன் அண்மையில் தன் தந்தையுடன் இல்லம் வந்திருந்தான். வயது 17, ஓட்டுநர் உரிமம் கைக்கு வந்து சில வாரங்களே ஆகின்றன. தன் சேமிப்பைச் செலவிட்டுத் தந்தையின் மகிழுந்தின் பின்புறத்தில் பெரிய இறக்கை ஒன்றைப் பொருத்தியிருந்தான். “இனி வளைவில் வேகமாகத் திரும்பினாலும் வண்டி சாலையை விடாது ஐயா” என்றான். தந்தையோ, “எல்லாம் வெறும் பகட்டு, இவற்றால் ஒரு பயனும் இல்லை” என்று சீறினார்.

இருவர் கூற்றும் தவறு என்பதே என் வாதம். மகனின் தவறு உயிருக்கு உலை வைக்கக்கூடியது. தந்தையின் தவறோ, மகனைத் திருத்தும் வாய்ப்பையே கெடுத்துவிடுகிறது. எப்படி என்று பார்ப்போம்.

முதலில் பெற்றோருக்கு.

மகிழுந்தின் மேற்பகுதி வளைந்தும் அடிப்பகுதி ஏறக்குறையத் தட்டையாகவும் இருக்கிறது. வானூர்தி இறக்கையின் வடிவமும் ஏறத்தாழ இஃதே. எனவே, வேகம் கூடக் கூடக் காற்று வண்டியை மேல்நோக்கித் தூக்குகிறது. சக்கரங்களின் பிடிப்பு குறைகிறது. வானூர்தி இறக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் அதே காற்று வண்டியைக் கீழே அழுத்தும். 1966இல் ஜிம் ஹால் உருவாக்கிய சாப்பரல் 2இ பந்தய வண்டி, உயரமான தூண்களின்மேல் அத்தகைய இறக்கையைத் தாங்கி ஓடியது. 1972இல் போர்ஷே நிறுவனம் 911 கரேரா ஆர்எஸ் வண்டியின் பின்புறத்தில் வாத்தின் வாலைப் போன்ற தகட்டை அமைத்ததும் பின்பக்கத் தூக்குவிசையைக் குறைக்கத்தான்.

இன்னும் ஐயமா? 1998இல் வெளிவந்த ஆடி டிடி வண்டியில் பின்தகடு இல்லை. வழவழப்பான அதன் வடிவத்தை உலகமே பாராட்டியது. ஆனால், ஜெர்மனியின் விரைவுச்சாலைகளில் அதிவேகத்தில் அவ்வண்டிகள் நிலைதடுமாறி விபத்துக்குள்ளாயின, உயிர்களும் போயின. நிறுவனம் வண்டிகளைத் திரும்ப அழைத்து, சக்கரத் தொங்கலமைப்பை மாற்றி, மின்னணு நிலைப்படுத்தியைச் சேர்த்து, சிறிய பின்தகடு ஒன்றையும் பொருத்திக் கொடுத்தது. பார்வைக்கு அற்பமான அந்தத் தகட்டையும் பகட்டு என்பீர்களா?

இனி, இளைஞர்களுக்கு.

காற்றின் விசை, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். வேகம் பாதியானால் விசை கால் பங்காகும். ஐந்தில் ஒன்றானால் இருபத்தைந்தில் ஒன்றாகும். 2022இல் அறிமுகமான போர்ஷே 911 ஜிடி3 ஆர்எஸ் வண்டியை எடுத்துக்கொள்வோம். 200 கிலோமீட்டர் வேகத்தில் அதன் கீழழுத்த விசை 409 கிலோ என நிறுவனம் அறிவித்தது. அதே விகிதத்தில் கணக்கிட்டால், நம் குடியிருப்புச் சாலை வளைவில் 40 கிலோமீட்டர் வேகத்தில் கிடைப்பது ஏறத்தாழ 16 கிலோ மட்டுமே. வண்டியின் எடை ஏறக்குறைய 1,450 கிலோ. அதாவது, நூற்றில் ஒரு பங்கு! காற்றுச் சுரங்கத்தில் பொறியாளர்கள் செதுக்கிய இறக்கைக்கே இந்நிலை என்றால், கடையில் வாங்கித் திருகாணி முடுக்கிய நெகிழி இறக்கை என்ன செய்துவிடும்?

அதுமட்டுமன்று. நம் வீட்டு மகிழுந்துகளில் பெரும்பாலானவற்றை இழுப்பவை முன்சக்கரங்கள். திசை திருப்புபவையும் அவையே. பின்சக்கரத்திற்கும் அப்பால் நீட்டிக்கொண்டிருக்கும் இறக்கை உண்மையிலேயே கீழே அழுத்தினால், சாய்ந்தாடு பலகையைப் போல முன்பக்கத்தின் சுமை சற்றுக் குறையவே செய்யும். பிடிப்பு வேண்டிய இடம் ஒன்று. அழுத்தும் இடம் வேறொன்று.

இதை உற்பத்தியாளர்களே அறிவார்கள். 1989இல் விற்பனைக்கு வந்த 964 வகை போர்ஷே 911இல் பின்தகடு மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில்தான் தானாக எழும். மெதுவாகச் செல்கையில் உள்ளே அடங்கிவிடும். மறுபுறம், பகட்டை விற்பதிலும் பெரிய நிறுவனங்கள் சளைத்தவையல்ல. லம்போர்கினி கவுண்டாக் வண்டியின் புகழ்பெற்ற பின்னிறக்கை அதன் உச்ச வேகத்தைக் குறைத்தது. ஆயினும் தோற்றத்திற்காகவே பலர் அதைக் கேட்டு வாங்கினர். 2019இல் வந்த டொயோட்டா ஜிஆர் சுப்ராவின் காற்றுத் துளைகள் பல அடைக்கப்பட்டவை. பந்தயத்திற்கு மாற்றுவோர் திறந்துகொள்ளலாம் என்பது விளக்கம். திறவாதவரை அவை அணிகலன்களே.

அணிகலன் அணிவது குற்றமா? இல்லை. வாசலில் கோலமிடுவது வீட்டின் அடித்தளத்தை வலுப்படுத்தவா? அழகை அழகென்றே சொல்லி மகிழலாம். அழகைப் பாதுகாப்பு என்று நம்பி வளைவில் காலை அழுத்துவதுதான் பிழை. அந்த நம்பிக்கைக்கான விலையை எதிரே வரும் மோட்டார் சைக்கிளோட்டியும் சேர்த்தே கொடுக்க நேரிடலாம்.

இறுதியாக, என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கு.

பிள்ளைகளின் ஆர்வத்தை “வீண்வேலை” என்ற ஒரே சொல்லால் விரட்டுகிறோம். அவர்களோ நண்பனின் சொல்லையும் கடைக்காரரின் சொல்லையும் நம்புகிறார்கள். பிழை யாருடையது? ஒரு மணிலா அட்டையை வளைத்து இறக்கை செய்து, அதைச் சமையலறைத் தராசின்மேல் கவிழ்த்துப் பொருத்துங்கள். மேசை மின்விசிறியின் வேகத்தை ஒன்று, இரண்டு, மூன்று எனக் கூட்டித் தராசின் அளவை மாணவர்களையே குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நம் அறிவுரைகள் நூறு செய்யாததை அந்த ஒரு பாடவேளை செய்யும். பயனா, பகட்டா என்ற கேள்விக்கு, “எந்த வேகத்தில்? எந்தச் சக்கரத்தின்மேல்? யார் அளந்தது?” என்று திருப்பிக் கேட்கும் பிள்ளையை எந்த விளம்பரமும் எளிதில் ஏமாற்றிவிட முடியாது.

அன்று அந்த மாணவனை ஏசவில்லை. தாளும் எழுதுகோலும் கொடுத்து மேற்கண்ட கணக்கைச் செய்யச் சொன்னேன். 16 கிலோ என்ற விடையை எழுதிவிட்டுச் சிறிது நேரம் பேசாமலிருந்தான். “பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது. அழகுக்காக இருந்துவிட்டுப் போகட்டும் ஐயா. வளைவில் மெதுவாகவே போகிறேன்” என்றான். தந்தையும் மறுத்துப் பேசவில்லை.

இறக்கையைக் கழற்றச் சொல்வது என் நோக்கமன்று. அதற்கு அவன் சரியான பெயரைச் சூட்டிவிட்டான். எனக்கு அது போதும்.