மிளகு பாக்கெட்டை யோசித்து வாங்குங்கள்

கொல்லிமலை மிளகையும் காப்பித்தூளையும் மூட்டையாக விற்பதைவிடப் பாக்கெட்டில் விற்றால் நாலு காசு கூடக் கிடைக்கும். வரவேற்க வேண்டியதே. ஆனால் அந்தக் காலிப் பாக்கெட்டை மலையில் எந்தப் பழைய சாமான்காரரும் எடுப்பதில்லை. பாலியெஸ்டர், அலுமினியம், பாலித்தீன் மூன்றையும் ஒட்டிச் செய்தது அது. பிரித்து உருக்க வழியில்லை. ஓடையில்தான் போய்ச் சேருகிறது.

பாலித்தீன் ஈரத்தைத் தடுக்கும். மணத்தையும் காற்றையும் தடுக்காது. அதற்காகவே அலுமினியம். இப்போது, மயிரிழையைவிடப் பல நூறு மடங்கு மெல்லிய சிலிக்கன் ஆக்ஸைடு பூச்சைப் பாலித்தீன் மீதே பூசும் முறை இருக்கிறது. பூச்சு சொற்பம் என்பதால் பாக்கெட் முழுவதையும் ஒரே பிளாஸ்டிக்காக உருக்கலாம்.

2016-ம் ஆண்டு மத்திய அரசின் விதிகள், உற்பத்தியாளரும் பெயரிட்டு விற்பவரும் பாக்கெட்டைத் திரும்பச் சேகரிக்க வேண்டும் என்றன. பெரிய கம்பெனிகள்தாம் முதலில் மாறவேண்டும். நாமும் சும்மா இருக்கலாகாது. சீக்கிரம் விற்றுத் தீரும் கேழ்வரகுக்கு அலுமினியப் பாக்கெட் எதற்கு? சாதாரணப் பாலித்தீனே போதும்.

மிளகுக்குப் பூச்சுப் பாக்கெட் வேண்டுமானால் குழுக்கள் சேர்ந்து ஆர்டர் கொடுப்பது நல்லது. சிறு அளவுக்கு விலை கட்டாது. கசக்கினால் பூச்சில் விரிசல் விழும். ஆகவே முதலில் பத்துப் பாக்கெட்டில் மிளகை அடைத்து, மூன்று மாதம் கழித்து முகர்ந்து பாருங்கள்.