லயத்துக்கும் ஒரு விலாசம், லயத்துக்கும் ஒரு கேபிள்



டவுன் கடைவீதிக்கு இன்டர்நெட் கேபிள் வந்துவிட்டது. தோட்டத்து ரோட்டு முனையில் இருக்கும் கடைக்கும் வந்துவிட்டது. துரை பங்களாவில் இருக்கிறது, ஆபீசில் இருக்கிறது. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள லயத்துக்கு மட்டும் வரவில்லை. ஏன் வரவில்லை, வரவழைக்க நாம் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இந்த மாதம் பேச நினைக்கிறோம்.

எமது அங்கத்தவரான ஒரு தாய், கொழுந்து பறிக்கிறவர், மகளின் சாதாரண தரப் பரீட்சைக்காக இணைப்பு எடுக்க டவுனுக்குப் போனார். அடையாள அட்டை கையில் இருந்தது. முன்பணமும் இருந்தது. கவுண்டரில் இருந்த பையன் கேட்டான்: "வீட்டு நம்பர் என்ன அக்கா?"

"நம்பர் எல்லாம் இல்லீங்க தம்பி. மேல் டிவிஷன், மூணாம் நம்பர் லயம், கடைசி காம்பரா."

அந்தக் கம்பியூட்டரில் அப்படி ஒரு விலாசத்துக்கு இடம் இல்லை. கரண்ட் பில் கேட்டார்கள். அது இறந்துபோன மாமனார் பேரில் இருந்தது. கடைசியில், "தோட்டத்து ஆபீசில் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த நாள் ஆபீசுக்குப் போனால் துரை இல்லை. இரண்டு நாள் பேர் போனதுதான் மிச்சம். 2024 செப்டெம்பரில் வந்த 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தை வைத்துப் பார்த்தாலே 2,700 ரூபா நட்டம். இணைப்புக்கு ஒரு சதம் கட்டுவதற்கு முன்னாலேயே இவ்வளவு செலவு.

இது ஒரு தாயின் கதை மட்டுமல்ல. கடிதம் வந்தாலும் தோட்ட ஆபீசுக்கே வரும், நம் கைக்கு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அந்த விலாசம் இல்லாத வாழ்க்கைதான் இன்று இன்டர்நெட் வடிவத்திலும் வந்து நிற்கிறது.

"கூரை ஒழுகுகிறது, உங்களுக்கு இன்டர்நெட் கேட்கிறதா?" என்று நமக்குள்ளேயே சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். வீட்டுக் கோரிக்கையையோ காணிக் கோரிக்கையையோ நாம் ஒரு அங்குலமும் கைவிடவில்லை. ஆனால் வீடு கட்டி முடியும்வரை பரீட்சை காத்திருக்குமா? 2020இல் பாடசாலைகளை மூடியபோது நம் பிள்ளைகள் போனைத் தூக்கிக்கொண்டு மலை உச்சிக்கும் பாறைக்கும் சிக்னல் தேடி ஏறியதை நாம் மறக்கவில்லை. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழ் மொழிமூலப் பாடங்களும் இருக்கின்றன. பரீட்சைப் பெறுபேறும் இன்டர்நெட்டில்தான் முதலில் வருகிறது. கொழும்பிலும் வெளிநாட்டிலும் வேலை செய்யும் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதும் அதில்தான். இதற்கெல்லாம் போனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ரீலோட் போட்டு நாம் செலவழிக்கிறோம். மாத முடிவில் கூட்டிப் பார்த்தால், வசதியுள்ள வீட்டுக்காரர் கேபிளுக்குக் கட்டுவதைவிடக் கூடுதலாகவே சில வீடுகள் கட்டியிருக்கும்.

கேபிள் வராததற்கு நாம் கேள்விப்படும் காரணங்கள் மூன்று. ஒன்று, "ஓரிரண்டு வீட்டுக்காக இவ்வளவு தூரம் கம்பி இழுக்க முடியாது" என்பது. இரண்டு, தோட்டத்துக் காணியில் கம்பம் நட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்பது. மூன்று, மேலே சொன்ன விலாசம்.

முதலாவதற்குப் பதில் நம் கையில் இருக்கிறது. ஒருவராகப் போனால் ஓரிரண்டு வீடு. லயம் லயமாகப் பெயர் எழுதி, டிவிஷன் முழுவதும் சேர்ந்து விண்ணப்பித்தால் அது ஐம்பது வீடு, நூறு வீடு. டவுனில் உள்ள சிறிய கேபிள்காரருக்கும் பெரிய கம்பனிக்கும் கணக்கு ஒன்றுதான். வாடிக்கையாளர் நிறைய இருந்தால் கம்பி வரும்.

இரண்டாவதற்கு நிர்வாகத்திடம் ஒன்று சொல்ல வேண்டும். பெரும்பாலான தோட்டக் காணிக்குச் சொந்தக்காரர் அரசாங்கம். கம்பனிகள் 1992க்குப் பின் குத்தகைக்கு எடுத்தவை. பங்களாவுக்குப் போகும் கம்பம் லயத்தைத் தாண்டிப் போகலாம், லயத்தில் நிற்கக் கூடாது என்றால் அதை எழுத்தில் தரட்டும். வாய்ப்பேச்சு வேண்டாம். தோட்டக் கமிட்டி எழுத்தில் கேட்க வேண்டும், பதிலையும் எழுத்தில் வாங்க வேண்டும்.

மூன்றாவதற்கு, கிராம உத்தியோகத்தர் தரும் வதிவிடச் சான்றிதழ் இருக்கிறது. அது அரசாங்கத்தின் பத்திரம். இந்த நாட்டுப் பிரசை எங்கே வசிக்கிறார் என்று சொல்ல அரசாங்க உத்தியோகத்தரின் கையெழுத்து போதாதா, துரையின் கையெழுத்தும் வேண்டுமா? 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி, நியாயமான தேவைகளை நிறைவு செய்யும் நம்பகமான சேவை கிடைக்கச் செய்வது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் நோக்கங்களில் ஒன்று. லயத்தில் இருக்கும் பிள்ளையின் தேவையும் நியாயமான தேவைதான். சான்றிதழை ஏற்க மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதத்தோடு ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுதச் சங்கம் உதவும்.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். "இணைப்பை நாங்களே எடுத்துத் தருகிறோம், செக்ரோலில் பிடித்துக்கொள்கிறோம்" என்று நிர்வாகம் சொன்னால் சம்மதிக்க வேண்டாம். பில் நம் பேரில் வர வேண்டும், காசை நாமே கட்ட வேண்டும். இல்லாவிட்டால் வேலைநிறுத்தம் வரும் அன்று முதலில் அறுபடுவது இந்தக் கம்பியாகத்தான் இருக்கும்.

கையெழுத்துப் போடும் முன் கவனிக்க வேண்டியவை:

நோட்டீசில் உள்ள விலையோடு 18 வீத வற் வரியும் மற்ற வரிகளும் சேருமா என்று கேளுங்கள். மாதம் கையை விட்டுப் போகும் முழுத் தொகையை எழுதி வாங்குங்கள்.

மாதத்துக்கு எத்தனை ஜீ.பீ., அது முடிந்தால் வேகம் எவ்வளவு குறையும் என்று கேளுங்கள். இரவுக்கு மட்டும் தரும் டேட்டா பிள்ளையின் படிப்புக்கு உதவாது.

எத்தனை மாதம் கட்டாயம் வைத்திருக்க வேண்டும், ரவுட்டர் யாருக்குச் சொந்தம், முன்பணம் திரும்ப வருமா என்று கேளுங்கள். வேலை குறையும் மாதத்தில் இது பெரிய விடயம்.

சிறிய கேபிள்காரராக இருந்தால் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு தடவையும் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

பழைய லயத்துக் கற்சுவர் சிக்னலைத் தடுக்கும். பிள்ளை படிக்கும் இடத்திலேயே ரவுட்டரைப் பொருத்தச் சொல்லுங்கள். இடி மின்னல் நேரத்தில் பிளக்கைக் கழற்றி வையுங்கள்.

ஒவ்வொரு வீட்டாலும் மாதக் கட்டணம் கட்ட முடியாது என்பதும் எமக்குத் தெரியும். ஆகவே டிவிஷனுக்கு ஒரு பொது இணைப்பாவது வேண்டும். கோயில் மண்டபத்திலோ சிறுவர் நிலையத்திலோ பிள்ளைகள் மாலையில் உட்கார்ந்து படிக்க அது உதவும். 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்ட பின், தோட்டத்துக்குள் செலவு செய்யச் சட்டம் இடம் தரவில்லை என்று சபைகள் சொல்ல முடியாது. வாக்குக் கேட்டு லயத்துக்கு வந்த உறுப்பினர்களிடம் இதைக் கேட்போம்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு லயத்திலும் ஒரு கொப்பியை எடுத்து, இணைப்பு வேண்டும் என்பவர்களின் பெயரை எழுதுங்கள். மாதர் தலைவிகள் இதை முன்னின்று செய்ய வேண்டுகிறோம், ஏனென்றால் பிள்ளையின் படிப்புக்காக டவுனுக்கு அலைகிறவர்கள் தாய்மாரே. கொப்பி நிறைந்தால் கம்பனிக்கும் நிர்வாகத்துக்கும் ஒரே நாளில் போவோம். அன்று எவருக்கும் தனியாகப் பேர் போகாது.