அத்தைக்குக் காது கேட்கிறது

எங்கள் வீட்டில் ஆறு மாத காலம் ஓர் அநியாயம் நடந்தது. அத்தைக்குக் காது போய்விட்டது என்று நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து தீர்ப்புச் சொல்லிவிட்டோம். அத்தைக்கு வயது 78. அந்த வயதில் காது மந்தமானால் யாருக்கு என்ன ஆச்சரியம்? சாட்சி வேண்டாம், விசாரணை வேண்டாம். தீர்ப்பு மட்டும் தயார்.

வழக்கு இதுதான். கூடத்தில் ஒரு ஸ்டீரியோ வாங்கி வைத்தேன். இரண்டு ஸ்பீக்கர்கள்; அவற்றோடு தாழ்ந்த ஸ்வரங்களுக்கென்றே 'சப்வூபர்' என்று ஒரு கறுப்புப் பெட்டி. நடமாட்டத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் அதை மூலையில் தள்ளினோம். முதல் பாட்டு முடிவதற்குள், எதிர்ச் சுவரோரம் கட்டிலில் படுத்திருந்த அத்தை எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"என்னடா இது? கிணத்துக்குள்ள யாரோ உலக்கை போடற மாதிரி இருக்கு. வார்த்தையே வரலையே!"

சிரித்தோம். அதே அத்தை, அதே கட்டிலில் படுத்துக்கொண்டு, பழைய டிரான்ஸிஸ்டரில் ஒரு சொல் விடாமல் கேட்டவள் என்பது எங்களில் ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை. காது வைத்தியர் பரிசோதித்துவிட்டு, "வயசுக்கு ஏத்த காதுதான்" என்றார். அதையும் எங்கள் கட்சிக்குச் சாதகமாகவே எடுத்துக்கொண்டோம்!

ஆனால் எனக்கும் ஒரு குறை இருந்தது. அறையின் நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்தால், கொடுத்த பணத்துக்கு 'பாஸ்' போதவில்லை. குமிழை இன்னும் கொஞ்சம் திருகினேன். அத்தை தலையணையைக் காதில் வைத்துக்கொண்டாள்.

கடைக்காரரிடம் போனேன். அவர் என் அறையைப் பார்த்ததில்லை. பார்க்க விரும்பவும் இல்லை. "இன்னும் பெரிய சப்வூபர் போடுங்க சார்" என்றார். அதற்கு மனமில்லாவிட்டால் தடித்த கம்பி. அதுவும் போதாவிட்டால் சுவரில் ஒட்ட ஓர் அங்குலப் பஞ்சுப் பலகை. கம்பியும் பஞ்சும் வாங்கினேன். சுவர் அசிங்கமாயிற்று. உலக்கை நிற்கவில்லை.

இந்த வியாபாரத்தின்மேல் என் புகார், விலை அதிகம் என்பதல்ல. எந்தக் குறைக்கும் காரணம் நாம் போதிய பணம் செலவழிக்காததே என்று அது நம்மைப் பழக்கி வைத்திருக்கிறதே, அதுதான் என் புகார். பொருளை மாற்று, மாற்று என்கிறது. பொருளை நகர்த்து என்று ஒருபோதும் சொல்வதில்லை. நகர்த்துவதில் யாருக்கு என்ன லாபம்?

நான் விஞ்ஞானி அல்ல. கல்லூரிப் படிப்பும் அரைகுறை. ஆனாலும் இந்தக் கணக்குக்குப் பள்ளிக்கூடப் படிப்பே போதும். காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,130 அடி போகிறது. எங்கள் கூடம் 12 அடிக்கு 12 அடி. ஒலி ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்குப் போய்த் திரும்ப 24 அடி. 1,130-ஐ 24-ஆல் வகுத்தால் 47. வினாடிக்கு 47 முறை அதிரும் ஸ்வரம் ஒன்று வந்தால், அறை அதைப் பிடித்துக்கொண்டு தானும் கூடவே பாடுகிறது. அதன் இரட்டிப்பான 94-க்கும் அப்படியே. நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் இரண்டு திசையிலும் அதே கூத்து. பாஸ் கிடாரின் மிகத் தாழ்ந்த தந்தி சுமார் 41, அடுத்தது 55. இரண்டுக்கும் இடையே உள்ள ஒரு ஸ்வரம் மட்டும் ஊரைக் கூட்டுகிறது. பக்கத்து ஸ்வரங்கள் பேசாமல் கிடக்கின்றன. இதைத்தான் நாம் 'நல்ல பாஸ்' என்று கொண்டாடுகிறோம். பத்துப் பேர் பேசும் சபையில் ஒருவன் மட்டும் கத்தினால் அதற்குப் பெயர் சொற்பொழிவா?

இந்த அதிர்வு சுவரோரம் உச்சத்தில் இருக்கும். அந்த 47-ஐப் பொறுத்தவரை அறையின் நட்டநடுவில் அநேகமாக இருக்கவே இருக்காது. அதாவது, பாஸ் இல்லாத இடத்தில் நான் உட்கார்ந்துகொண்டு, போதவில்லை போதவில்லை என்று திருகிய ஒவ்வொரு திருகும் சுவரோரம் கிடந்த அத்தையின் தலையில் இறங்கியிருக்கிறது!

இன்னொன்றும் உண்டு. பலத்த தாழ்ந்த ஒலி, தனக்கு மேலேயுள்ள மெல்லிய ஒலிகளை மறைத்துவிடும். பேச்சிலும் பாட்டிலும் ஒரு சொல்லை இன்ன சொல் என்று காட்டிக் கொடுக்கும் ச, த, ப எல்லாம் மெல்லிய ஒலிகள். வயதானவர்களுக்கு முதலில் குறைவதும் உச்ச ஒலிகளைக் கேட்கும் சக்தியே. மிச்சமிருந்ததையும் என் கறுப்புப் பெட்டி விழுங்கிவிட்டது. பழியை அத்தை சுமந்தாள்.

1895-ல் அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையின் புதிய கலைக்கூடத்தில் இருந்த சொற்பொழிவு மண்டபத்தில் பேச்சே புரியவில்லை. வாலஸ் சபீன் என்ற இளம் ஆசிரியரிடம் அதைச் சரிசெய்யச் சொன்னார்கள். பேசுகிறவரையும் அவர் குறை சொல்லவில்லை, கேட்கிறவரையும் குறை சொல்லவில்லை. பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்து, அவற்றைக் கூட்டியும் குறைத்தும் அறையை அளந்தார். குற்றவாளி அறை என்று கண்டார். நூறு வருஷத்துக்கு மேலாகியும் இந்தச் சேதி நம் கடைவீதிக்கு வந்து சேரவில்லை.

ஆனால் மெத்தையும் பஞ்சும் பேச்சின் எதிரொலியைத்தான் அடக்கும். 47 அதிர்வின் அலை 24 அடி நீளம். ஓர் அங்குலப் பஞ்சு அதை என்ன செய்யும்? செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் அதை உறிஞ்சுவதில்லை. அப்படியே திருப்பி அனுப்புகின்றன.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலணாச் செலவில்லாத வைத்தியத்தில் இறங்கினேன். கறுப்புப் பெட்டியைத் தூக்கி அத்தையின் கட்டிலில் வைத்தேன். தெரிந்த பாட்டு ஒன்றை ஓடவிட்டு, நான் சுவரோரமாகத் தரையில் தவழ்ந்தேன். எதிர்வீட்டுப் பையன் ஜன்னல் வழியே பார்த்து, தன் அம்மாவைக் கூப்பிட ஓடினான். ஓடட்டும். எந்த இடத்தில் தாழ்ந்த ஸ்வரங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் கேட்கின்றனவோ, அங்கே பெட்டியை வைத்தால் கட்டிலிலும் அப்படியே கேட்கும். போகும் வழியும் வரும் வழியும் ஒன்றுதானே? மூலை எல்லாவற்றிலும் மோசம். அறையின் அதிர்வுகள் அத்தனையையும் ஒருசேரக் கிளப்பிவிடும் இடம் அது. சுவரின் நடுப்பக்கம் எவ்வளவோ தேவலை.

அங்கே வைத்தேன். கட்டிலைச் சுவரிலிருந்து மூன்றடி இழுத்தேன். 'லவுட்னஸ்' என்ற பொத்தானை அணைத்தேன்; மெதுவாகக் கேட்கும்போது பாஸைக் கூட்டிக் கொடுக்க ஏற்பட்டது அது. சத்தமாக வைத்துக்கொண்டு அதையும் அமுக்கியிருந்த புத்திசாலி நான்தான். பெட்டியின் ஓட்டையில் பழைய காலுறை ஒன்றைச் சுருட்டி அடைத்தேன். கடைசியாகக் குமிழைக் குறைத்தேன்.

"என் பணம், என் வீடு, எனக்கு நெஞ்சு அதிரத்தான் வேண்டும்" என்று சொல்லும் நண்பர்கள் இருக்கிறார்கள். அதிரட்டும் ஐயா! ஆனால் தாழ்ந்த ஒலி உங்கள் சுவரோடு நிற்பதில்லை. பாட்டும் வார்த்தையும் உங்களிடம் தங்கிவிடும். உலக்கை மட்டும் பக்கத்து வீட்டுத் தொட்டில்வரை போகும். அந்த வீட்டுக்காரர் எதற்குப் பணம் கொடுத்தார்?

அன்று மாலை அதே பாட்டை மறுபடி வைத்தேன். அத்தை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும், "ரெண்டாவது அடியிலே அவன் ஒரு வார்த்தையை முழுங்கறாண்டா" என்றாள். திருப்பிப் போட்டுப் பார்த்தேன். வாஸ்தவம், விழுங்கத்தான் செய்கிறான். ஆறு மாதமாக எனக்கு அது தெரியவில்லை.

"காது நன்னாத்தான் கேக்கறது உங்களுக்கு, அத்தை" என்றேன்.

"நான் எப்போடா இல்லேன்னேன்?" என்றாள்.