தைலமரக் கன்னும் மச்சான் மகன் சிகரெட்டும்

போன வாரம் மச்சான் மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கீழப்பழுவூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினவனை வண்டியில் ஏத்திக்கிட்டு நேரா கொல்லைக்குப் போயிட்டேன். தைலமரம் வெட்டி முடிச்ச ரெண்டு ஏக்கர். அடிக்கட்டை எல்லாம் பிடுங்கிப் போட்டுக் கிடக்கு. ஐப்பசி மழைக்குப் புதுக் கன்னு வைக்கணும்.

"என்ன கன்னு மாமா வைக்கப் போறீங்க?"

"குளோன் கன்னுதான்டா."

"குளோனிங்கா? அதெல்லாம் இயற்கைக்கு விரோதம் மாமா. ஆபத்து"ன்னு சொல்லிக்கிட்டே பாக்கெட்டிலிருந்து பேனா மாதிரி ஒண்ணை எடுத்து வாயில வச்சு இழுத்தான். குப்புன்னு புகை. மாம்பழ வாசனை.

"அது என்னடா?"

"வேப் மாமா. சிகரெட் இல்ல, வெறும் ஆவி. ஒண்ணும் பண்ணாது."

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. கண்ணால பார்க்காத கன்னுக்குப் பயப்படுறான், கையில வச்சிருக்கிறதுக்குப் பயப்படல. அன்னைக்கு ராத்திரி பூரா இதுதான் மனசுல ஓடுச்சு. அதான் எழுதுறேன்.

குளோன்னா பட்டணத்துல உள்ளவங்களுக்கு சினிமாவுல வர்ற மாதிரி ஒரே முகத்தோட நாலு மனுஷன் ஞாபகம் வரும்போல. எங்களுக்கு அது ரொம்பப் பழைய சங்கதி. முருங்கைப் போத்து ஒடிச்சு நடுறோமே, அது குளோன். கரும்புக் கரணை, மல்லிகைப் பதியன், வாழையில பக்கக் கன்னு, எல்லாமே தாய் எப்படியோ அப்படியே பிள்ளை. நீங்க கடையில சீப்பு சீப்பா வாங்குற ஜி9 வாழை, பாட்டில்ல திசு வளர்த்து எடுத்த கன்னுல காய்ச்சது. அதுல ஒரு காயும் இன்னொரு காயும் வித்தியாசம் இல்லாம இருக்கே, அதுக்குக் காரணம் அதுதான்.

இதுல எங்களுக்கு என்ன லாபம்னு கேட்டா, முந்திரியைச் சொல்லுவேன். எங்கப்பா காலத்துல கொட்டை போட்டு முளைச்ச முந்திரித் தோப்பு. ஒரு மரம் மூட்டை கொடுக்கும், பக்கத்து மரம் நிழல் மட்டும் கொடுக்கும். அஞ்சாறு வருஷம் தண்ணி ஊத்தி வளர்த்த பிறகுதான் எது எதுன்னே தெரியும். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து ஒட்டுக் கன்னு வந்த பிறகு அந்தச் சூதாட்டம் நின்னுச்சு. தைலமரமும் அப்படித்தான். விதையில வந்தது ஒண்ணு ஒசரம், ஒண்ணு கோணல். நல்ல மரமாப் பார்த்துக் குச்சி எடுத்து வேர் விட வச்ச கன்னு, வரிசை புடிச்சு ஒரே ஒசரத்துல போகும். காகித ஆலைக்கு எடை போடும்போது அந்த வித்தியாசம் பணமாத் தெரியும். (தைலமரம் நிலத்தடித் தண்ணியைக் குடிக்குதுன்னு சண்டைக்கு வராதீங்க. அது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதுறேன்.)

மாட்டுல குளோன் பண்றது வேற. 1996-ல ஸ்காட்லாந்துல டாலின்னு ஒரு ஆட்டுக்குட்டி பிறந்துச்சே, அதுக்காக 277 கருமுட்டையில முயற்சி பண்ணி ஒண்ணே ஒண்ணுதான் பிழைச்சுது. நம்ம நாட்டுல ஹரியானா கர்னால்ல இருக்கிற தேசிய பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்துல 2009-ல முதல் குளோன் எருமைக்கன்னு பிறந்து சில நாள்லயே செத்துப்போச்சு. அடுத்து வந்த கரிமா ரெண்டு வருஷத்துக்கு மேல இருந்துச்சு. 2010-ல பிறந்த இன்னொரு கரிமா 2013-ல கன்னே போட்டுச்சு. 2023-ல கங்கான்னு ஒரு கிர் பசுவும் வந்தாச்சு. கெட்டிக்காரங்கதான், ஒத்துக்கிறேன். ஆனா ரெண்டு கறவை மாடு வச்சிருக்கிற எனக்கு, ராத்திரி பதினோரு மணிக்கு மாடு கன்னு போட முடியாம கிடந்தா வர்றதுக்கு ஒரு டாக்டர்தான் முதல்ல வேணும்.

சரி, அப்ப குளோன்ல ஆபத்தே இல்லையான்னா, இருக்கு. அவன் நினைக்கிற ஆபத்து இல்ல.

2007-ல இதே ரெண்டு ஏக்கர்ல நான் ஒரே ரகக் குளோன் கன்னை வச்சேன். கன்னுக் காசுக்கும் உழவுக்கும் வீட்டுக்காரி தோடு அடகுக் கடைக்குப் போச்சு. வித்தவர் "அஞ்சாம் வருஷம் வெட்டலாம், கண்ணை மூடிக்கிட்டு வைங்க"ன்னார். நானும் கண்ணை மூடிக்கிட்டேதான் வச்சேன். மறு வருஷம் இலை நடுநரம்புலயும் இளந்தண்டுலயும் முடிச்சு முடிச்சா வந்துச்சு. உள்ளே ஒரு குட்டிக் குளவியோட புழு. ஆஸ்திரேலியாவுல இருந்து வந்த பூச்சி, 2001 வாக்குல கர்நாடகத்துல பார்த்திருக்காங்க, அப்புறம் தமிழ்நாட்டுக்கும் வந்துடுச்சு. ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும். வேடிக்கை என்னன்னா, அந்தக் குளவி பெரும்பாலும் ஆண் துணையே இல்லாம முட்டை போட்டுப் பெருகுமாம். அதுவும் ஒரு குளோன் மாதிரிதான்!

என் கொல்லையில ஒரு மரம் தப்பல. எல்லாம் ஒரே ரத்தம், ஒண்ணுக்கு வந்தா எல்லாத்துக்கும் வந்தாச்சு. பக்கத்துக் கொல்லைக்காரர் வச்சிருந்தது பழைய விதைக் கன்னு. அவருக்கும் பூச்சி வந்துச்சு, ஆனா பாதி மரம் சட்டை பண்ணாம வளர்ந்துச்சு. அஞ்சாம் வருஷம் ஆலைக்குப் போக வேண்டிய என் மரம் ஆறாம் வருஷம் விறகு விலைக்குப் போச்சு. தோடு திரும்ப வரல.

அயர்லாந்துல 1845-ல உருளைக்கிழங்குல நோய் வந்து பஞ்சமாகி பத்து லட்சம் பேர் வரைக்கும் செத்தாங்க. அங்கயும் கிழங்கை வெட்டி நடுறதுதான், ஏழைங்க பூரா பெரும்பாலும் ஒரே ரகம். வாழையிலயும் முன்னாடி உலகம் பூரா வித்த குரோஸ் மிஷல் ரகத்தைப் பனாமா வாடல் ஒழிச்சுது. அதுக்கு மாத்தா வந்த இனம்தான் உங்க ஜி9. இப்போ அதையும் புடிக்கிற புது வாடல் நோய் பீகார், உத்தரப்பிரதேசம் வரைக்கும் வந்திருக்கு.

அதனால குளோன் வேண்டாம்னு நான் சொல்லல. ரெண்டு ஏக்கரையும் ஒண்ணுக்கே கொடுக்காதேங்குறேன். அரை ஏக்கர் போனாலும் மீதி நிக்கணும்.

இப்ப அவன் பேனாவுக்கு வர்றேன்.

வெறும் ஆவின்னானே, அந்த ஆவியில நிக்கோட்டின் இருக்கு. பழைய காலத்துல அசுவினிக்கும் செடிப் பேனுக்கும் புகையிலையை ஊறப்போட்டுக் கஷாயமா அடிப்போம். பூச்சி கொத்தாச் சாகும். இன்னைக்குப் பருத்திக்கு அடிக்கிற இமிடாகுளோபிரிட் மருந்துகூட நிக்கோட்டினைப் பார்த்துச் செஞ்ச கூட்டத்துல ஒண்ணுதான். மாம்பழ வாசனை போட்டுட்டா அது மாம்பழச் சாறு ஆயிடாது.

ஆனா நியாயத்தையும் சொல்லணும். நான் இருபத்தஞ்சு வருஷம் பீடி குடிச்சவன். விட்டு ஆறு வருஷம் ஆச்சு, இருமல் இன்னும் முழுசா விடல. இலையைக் கொளுத்துறதுல வர்ற தாரும் கார்பன் மோனாக்சைடும்தான் நெஞ்சை அதிகமா அரிக்கிறது. இதுல கொளுத்துறது இல்ல. இங்கிலாந்துல 2023-ல சிகரெட்டை விடுறவங்களுக்கு அரசாங்கமே இதை இலவசமாக் கொடுக்கிறதா அறிவிச்சுது. பீடியில முழுகினவனுக்கு இது ஏறி வர்ற ஏணியா இருக்கலாம். எனக்கு அப்போ ஒருத்தர் கொடுத்திருந்தா நானும் வாங்கியிருப்பேன்.

இவன் அப்படி இல்ல. "முன்னாடி சிகரெட் குடிச்சியாடா?"ன்னு கேட்டேன். "இல்ல மாமா, ஆபீஸ்ல பசங்க கொடுத்தாங்க"ன்னான். கிணத்துல விழாதவனுக்கு எதுக்கு ஏணி? ஒரு நாளைக்கு எத்தனை தடவைன்னு கேட்டேன். அவனுக்குத் தெரியல. பீடின்னா கட்டு தீர்ந்தா தெரியும். ஒண்ணு முடிஞ்சா கையைச் சுடும், தூக்கிப் போட்டே ஆகணும். இது முடியவே மாட்டேங்குது. அன்னைக்கு ராத்திரி மட்டும் மூணு தடவை எந்திரிச்சுத் தோட்டத்துப் பக்கம் போனான். நான் தூங்குறேன்னு நினைச்சிருப்பான்.

சட்டமும் இருக்கு. தமிழ்நாட்டுல 2018-லயே தடை. 2019 செப்டம்பர்ல மத்திய அரசு அவசரச் சட்டம் போட்டு, டிசம்பர்ல நாடு முழுக்கச் சட்டமாக்கிடுச்சு. வித்தா முதல் தடவைக்கு ஒரு வருஷம் வரை ஜெயில், இல்ல ஒரு லட்சம் வரை அபராதம், ரெண்டுமேகூட ஆகலாம். இவனுக்கு மட்டும் ஆன்லைன்ல வீட்டுக்கே வருதாம். திருட்டுத்தனமா வர்ற சரக்குல என்ன கலந்திருக்குன்னு யார் பார்க்கிறது? அமெரிக்காவுல அதே 2019-ல இதை இழுத்தவங்க நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில குவிஞ்சாங்க, அறுபது பேருக்கு மேல செத்தாங்க. கஞ்சாச் சத்து கலந்த கள்ளச் சரக்குல சேர்த்த ஒரு வகை எண்ணெய்தான் முக்கியக் காரணம்னு பின்னாடி கண்டுபிடிச்சாங்க.

தடை சரியான்னா, நம்ம ஊருக்குச் சரின்னுதான் சொல்லுவேன். பள்ளிக்கூடத்துப் பையன் வாங்குற மிட்டாய்க் கடையிலயே பீடியும் தொங்குற ஊர்ல, இது மட்டும் பெரியவங்க கையோட நிக்குமா? ஆனா அந்தப் பீடிக் கட்டைத் தொடாம இதை மட்டும் தடை பண்ணிட்டு, ஜனங்க உடம்பைக் காப்பாத்திட்டோம்னு சொல்றதை என்னால கேட்டுக்கிட்டு இருக்க முடியல.

பஸ் ஏத்தி விடும்போது சொன்னேன். "டேய், நான் ரெண்டு ஏக்கர்ல தப்புப் பண்ணினேன். அடுத்த தடவை பிரிச்சு வைக்கிறேன். நெஞ்சை எப்படிடா பிரிச்சு வைப்ப?" சிரிச்சான். சிமெண்ட் லாரி ஒண்ணு புழுதியைக் கிளப்பிக்கிட்டுப் போச்சு, அதுல மூக்கைப் பொத்திக்கிட்டான்.

கன்னு அடுத்த மாசம் வருது. மூணு ரகமாப் பிரிச்சுச் சொல்லியிருக்கேன், ஓரத்துல ரெண்டு வரிசை முந்திரி ஒட்டு. மச்சான்கிட்ட இன்னும் எதுவும் சொல்லல. பையன் தீபாவளிக்கு வர்றேன்னிருக்கான்.