அழையாதார் கூடிய மகாநாடு

மகாநாடு என்றால் நம்மவர்கள் மனதில் தோன்றுவது என்ன? ஒரு பந்தல், அதில் ஒரு மேடை, மேடைமீது தலைவருக்கு ஒரு நாற்காலி, முன்வரிசையில் பிரமுகர்களுக்குச் சில நாற்காலிகள், அவற்றுக்குப் பின்னால் கை தட்டுவதற்கென்றே ஒரு பெருங்கூட்டம். வந்தவர்களில் பெரும்பாலோர் வாயைத் திறவாமல் உட்கார்ந்திருந்து, பொழுது சாய்ந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஊர் திரும்புகின்றார்கள். மகாநாடு என்றால் இப்படித்தான் நடக்கவேண்டுமா என்று கேட்கின்ற தோழர்களுக்கு, 2005-ம் வருஷத்தில் அமெரிக்காவில் நடந்த ஒரு சங்கதியை எடுத்துக்காட்ட விரும்புகின்றோம்.

கலிபோர்னியா மாகாணத்தில் செபாஸ்டபோல் என்ற ஊரில் அப்போது ஓ'ரைலி என்னும் கம்பெனி ஒன்று இருந்தது. கம்ப்யூட்டர் தொழில் சம்பந்தமான புத்தகங்களை வெளியிடுவது அதன் வேலை. அக்கம்பெனியார் 2003 முதல், தொழிலில் பெயர் பெற்றவர்களை வாரக்கடைசியில் தங்கள் இடத்திற்கு வரவழைத்து, அங்கேயே கூடாரமடித்துத் தங்கச் செய்து, ஒன்றாக உண்டு, இரவு வெகு நேரம்வரை பேசும்படியான ஒரு கூட்டத்தை நடத்தினார்கள். 'ஃபூ கேம்ப்' என்பது அதன் பெயர். ஓ'ரைலியின் நண்பர்கள் என்பதற்கான ஆங்கில வார்த்தைகளின் முதலெழுத்துக்களே 'ஃபூ' ஆயிற்று. அழைப்பு வந்தவர்கள் மாத்திரமே போகலாம், மற்றவர்களுக்கு இடமில்லை.

தன் இடத்திற்குத் தன் நண்பர்களை அழைப்பதற்கு ஒருவருக்குப் பூரண உரிமை உண்டு. அதை நாம் குறை கூற வரவில்லை. ஆனால் ஒரு தொழிலில் நாளைக்கு என்ன வரப்போகின்றது என்பது ஓரிடத்தில் பேசப்படுமானால், அங்கு போகக்கூடியவனுக்கு ஒரு யோக்கியதையும், போகமுடியாதவனுக்கு ஒரு தாழ்வும் தானாகவே ஏற்பட்டுவிடுமா இல்லையா?

அழைப்புக் கிடைக்காத சிலர் அவ்வருஷம் என்ன செய்தார்கள்? கெஞ்சவில்லை, வாசலில் நின்று கூச்சலிடவுமில்லை. ஒரு வாரத்துக்கும் குறைந்த அவகாசத்தில், பாலோ ஆல்டோ என்ற ஊரில் சோஷியல்டெக்ஸ்ட் என்ற கம்பெனியின் ஆபீசில், யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அறிவித்து, 2005 ஆகஸ்டு 19 முதல் 21 வரை, அதாவது ஃபூ கேம்ப் நடந்த அதே நாட்களிலேயே, தாங்களே ஒரு கூட்டம் கூடினார்கள். சுமார் 200 பேர் வந்து சேர்ந்தார்கள். அதற்குப் 'பார்கேம்ப்' என்று பெயரிட்டார்கள். நாம் 'அன்னார், இன்னார்' என்று சேர்த்துச் சொல்லுவது போல, கம்ப்யூட்டர்காரர்கள் பெயர் வைக்கப்படாத ஒன்றைக் குறிக்க 'ஃபூ, பார்' என்று சேர்த்துச் சொல்லுவது வழக்கம். அவர்கள் ஃபூ ஆனால் நாங்கள் பார் என்பதே அந்தப் பெயரின் வேடிக்கை.

அங்கு தலைவர் இல்லை. முன்கூட்டி அச்சடித்த நிகழ்ச்சி நிரலும் இல்லை. சுவரில் நேரமும் அறையும் குறித்து வெறுங்கட்டங்கள் போட்டிருக்கும். பேச விரும்புகிறவர் தம் பெயரையும் விஷயத்தையும் ஒரு கட்டத்தில் எழுதவேண்டியதுதான். முதல் தடவை வருகின்றவன் கட்டாயம் பேசியாகவேண்டும் என்றுகூட ஒரு விதி வைத்தார்கள். பார்வையாளர் என்ற ஒரு ஜாதியே அங்கு இருக்கக்கூடாது என்பது அதன் கருத்து.

"இரண்டு நாள் ஒன்றாகத் தின்று, தூங்கி, அரட்டையடிப்பதால் என்ன பிரயோஜனம்?" என்று சிலர் கேட்கலாம். ஹாரிசன் ஓவன் என்ற அமெரிக்கர் மகாநாடுகளை நடத்திப் பார்த்தவர். பெரிய ஏற்பாடுகள் செய்து நடத்திய மகாநாட்டில், வந்தவர்களுக்கு அதிகம் பயன்பட்டது காப்பி குடிக்க விட்ட இடைவேளைதான் என்று கண்டார். அதிலிருந்தே, இடைவேளையைப் போலவே முழுக் கூட்டத்தையும் நடத்தும் ஒரு முறையை 1985-ல் ஏற்படுத்தினார். ஓரிடத்தில் கற்கவும் இயலவில்லை, கற்பிக்கவும் இயலவில்லை என்றால், எழுந்து வேறிடம் போய்விடலாம் என்பது அம்முறையின் விதிகளில் ஒன்று. நம் கூட்டங்களில் அவ்விதி இருந்தால் எத்தனை தலைவர்கள் காலி நாற்காலிகளுக்குப் பேச நேரிடும் என்று யோசித்துப் பாருங்கள்.

அன்றியும், பர்மாவைப் பாருங்கள். இன்டர்நெட்டில் தம் சொந்தக் கருத்தை நாட்குறிப்புப் போல் எழுதி வெளியிடுவதற்கு வலைப்பதிவு என்று பெயர். 2007 செப்டம்பரில் புத்த பிட்சுகள் முன்னின்று ராணுவ ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி செய்தபோது, அச்செய்திகளை வெளியுலகுக்கு அனுப்பியவர்களில் வலைப்பதிவர்களும் உண்டு. அவர்களில் நே போன் லாட் என்ற வாலிபர் 2008 ஜனவரியில் பிடிக்கப்பட்டு, அவ்வருஷ நவம்பரில் 20 வருஷத்திற்கு மேற்பட்ட சிறைத்தண்டனை அடைந்தார். அவர் சிறையிலிருக்கும்போதே, ராணுவ ஆட்சி நடக்கும்போதே, 2010 ஜனவரியில் ரங்கூனில் பார்கேம்ப் கூடிற்று. ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். 2012 ஜனவரியில்தான் அவர் விடுதலையானார். எழுதினால் சிறை என்ற நாட்டில், எழுதுகிறவர்கள் ஒருவரையொருவர் முகம் பார்த்துப் பேசுவது வெறும் அரட்டையாகுமா?

இது நிற்க. வாசலைத் திறந்துவிட்டதாலேயே எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள் என்று சொல்லிவிட முடியாது. வலைப்பதிவு எழுதும் பெண்கள் எங்கே என்று அக்காலத்தில் ஆண்கள் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பாலோ ஆல்டோவில் கூட்டம் நடப்பதற்கு மூன்று வாரத்திற்கு முன், 2005 ஜூலை 30-ந் தேதி, அதே கலிபோர்னியாவில் சான்டா கிளாராவில் மூன்று பெண்கள் முன்னின்று 'பிளாக்ஹர்' என்ற மகாநாட்டைக் கூட்டி அதற்குப் பதில் சொன்னார்கள். கட்டணமில்லை என்று போட்டுவிட்டால் மாத்திரம், வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத தாய் சனி, ஞாயிறு இரண்டு நாளும் வந்துவிட முடியுமா? ஞாயிற்றுக்கிழமையும் கூலிக்குப் போகிறவன் வருவானா? பேச்செல்லாம் இங்கிலீஷிலேயே இருந்தால் தமிழ் மட்டும் படித்தவன் வந்துதான் என்ன கேட்பான்? சோறு போடும் கம்பெனியின் மனம் நோகப் பேச எத்தனை பேர் துணிவார்கள்?

2006-ல் பார்கேம்ப் சென்னைக்கும் வந்தது. 2007 ஆகஸ்டு 5-ந் தேதி சென்னையில் தமிழ் வலைப்பதிவர்கள் தாங்களே ஒரு பட்டறை நடத்தினார்கள். அதற்குப் பட்டறை என்று பெயரிட்டதை நாம் மெத்தவும் மெச்சுகின்றோம். பட்டறைக்குப் போகிறவன் வேடிக்கை பார்க்கப் போவதில்லை. சுத்தியலைக் கையில் எடுக்கவே போகின்றான்.

ஆகவே தோழர்களே, உங்கள் ஊரில் வாசகசாலை ஆண்டு விழாவோ, வாலிபர் சங்கக் கூட்டமோ நடத்தப் புறப்படும்போது, தலைவராக யாரைப் போடுவது என்று முதலில் யோசிக்காதீர்கள். யார் யார் வரமுடியாமல் போகும், ஏன் போகும் என்பதை முதலில் யோசியுங்கள். அவர்களுக்கு ஏற்ற நேரத்தையும், இடத்தையும், பாஷையையும் வையுங்கள். வந்தவர்களை ஒன்றாக உட்கார வைத்துச் சோறு போடுங்கள். ஒரு நாளும் வாய் திறவாதவனை ஐந்து நிமிஷமாவது பேசச் செய்யுங்கள். எவராவது உங்களை அழைக்காமல் விட்டால், அதற்காக வருந்திக்கொண்டிராமல், மறுவாரமே ஒரு திண்ணையையோ, ஒரு மரத்தடியையோ பார்த்துக் கூட்டம் போடுங்கள். உங்களை விட்டவர்களையும் அதற்கு அழையுங்கள்.