கடலோரப் பயணம்: இரவில் எங்கே தங்குவது?

விடுமுறை வந்தால் பல குடும்பங்கள் காரில் கிளம்பிவிடுகின்றன. சென்னையிலிருந்து ராமேசுவரம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலை! தூரம் சுமார் 550 கிலோமீட்டர்.

"ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விடலாம். அறை வாடகை மிச்சம்" என்பார்கள் சிலர்.

இந்த மிச்சம் ஆபத்தானது. சென்னை-மாமல்லபுரம் பகுதி நான்குவழிச் சாலை ஆகிவிட்டது. வேகமும் கூடிவிட்டது. பின்னிரவில்தான் கண் சொக்கும். சாலையில் மாடு படுத்திருக்கும். ஒரு நொடி அசந்தால் போதும்!

எங்கே தங்கலாம்?

முதல் இரவு புதுச்சேரி. 150 கிலோமீட்டர்தான். வழியில் மாமல்லபுரத்துச் சிற்பங்களை நிதானமாகப் பார்க்கலாம்.

இரண்டாம் இரவு வேளாங்கண்ணி. போகும் வழியில் தரங்கம்பாடி. டென்மார்க்குக்காரர்கள் 1620-ல் கட்டிய கோட்டை அங்கே கடலைப் பார்த்து நிற்கிறது.

ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணியில் திருவிழா. அப்போது அறை கிடைப்பது குதிரைக் கொம்பு! முன்கூட்டியே பதிவு செய்யவேண்டும்.

மூன்றாம் நாள் பாதைதான் நீளம். பெரிய ஊர்கள் குறைவு. விடியற்காலையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் ராமேசுவரம் சேரலாம்.

தனுஷ்கோடி

1964 புயலில் அழிந்த ஊர் இது. 2017 முதல் அரிச்சல்முனை வரை சாலை இருக்கிறது. ஆனால் இரவில் தங்க முடியாது. மறுநாள் பகலில் பார்த்துவிட்டு, ராமேசுவரத்துக்கே திரும்பிவிட வேண்டும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். எச்சரிக்கை வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது.

அறை வாடகை செலவுதான். ஆனால் போன குடும்பம் நல்லபடியாக வீடு திரும்ப வேண்டுமே!